பிள்ளைகளோடு போகும் பெற்றோர், ஊரில் விட்டுப்போகும் பாலிசி

தூத்துக்குடிக் கரைக்காரர்கள் சம்பாதிக்கக் கடல் தாண்டினார்கள், மூப்புக்கு ஊர் திரும்பினார்கள். கொழும்பில் கடை போட்டவர், தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோனவர், ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் போன காயல்பட்டினத்துச் சபுராளி, ஒப்பந்தத்துக்குக் கப்பல் ஏறிய மணப்பாட்டுக்காரர் என்று யாரை எடுத்தாலும் கடைசிக் காலம் ஊரில்தான். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வெளியே போய்ப் பிழைப்பது மட்டும் நிற்கவே இல்லை. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது.

இப்போது வாகைக்குளம் விமான நிலையத்தில் வேறொரு கூட்டத்தைப் பார்க்கிறோம். பேரப்பிள்ளைக்குக் கருப்பட்டியும் மக்ரூனும் கட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அறுபதையும் எழுபதையும் தாண்டிய அப்பாவும் அம்மாவும் போகிறார்கள். சிலர் ஆறு மாதத்துக்கு. சிலர் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டே போகிறார்கள். அப்படிப் போகிறவர்களின் வீட்டில் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பிறகு, பெரும்பாலும் கிளம்புகிற வாரத்தில், ஒரு கேள்வி வரும். “அங்கனயே இருக்கப் போறோம், பெறவு இங்க எதுக்கு வருசா வருசம் மெடிக்கல் பாலிசி கட்டணும்?”

நியாயமான கேள்விதான். எழுபதை நெருங்கும் தம்பதிக்குப் பிரீமியம் ஓய்வூதியத்தில் ஒரு பெரிய துண்டு. இந்தியப் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். வெளிநாட்டுச் சிகிச்சையையும் சேர்த்துத் தரும் சில திட்டங்கள்கூடத் தொகைக்கும் நாட்களுக்கும் வரம்பு வைத்தே தருகின்றன. டொராண்டோவில் இருக்கும்போது திருநெல்வேலி மருத்துவமனையின் கேஷ்லெஸ் கார்டு எதற்கு என்று கேட்டால், கணக்கின்படி பதில் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது: நோய் வரும் நாளில் நாம் எந்த ஊரில் இருப்போம் என்பது தெரியும் என்ற ஊகம். பேரன் பள்ளிக்குப் போனபின் அங்கே வேலையில்லை என்று திரும்புகிறார்கள். பனி ஒத்துக்கொள்ளாமல் திரும்புகிறார்கள். இருவரில் ஒருவர் போனபின் மற்றவர் ஊருக்கே வந்துவிடுகிறார். மகனுக்கு வேலை போய், விசா போய், மொத்தக் குடும்பமும் திரும்புவதும் உண்டு. எனவே எந்தப் பாலிசி மலிவு, எது நல்லது என்பதைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இதை இன்று விட்டால் நாளை திரும்பச் சேர முடியுமா? முடியுமென்றால் என்ன விலைக்கு, எத்தனை மாதம் காத்திருந்து? ஒவ்வொரு நாட்டின் ஏற்பாட்டையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

முதலில் நம் ஊர் பாலிசி. 2024 ஏப்ரல் 1 முதல், புதிதாகச் சேரும் வயது பற்றிய விதியில் இருந்த 65 என்ற பழைய வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துவிட்டது. அதைப் படித்துவிட்டு, “இப்ப விட்டா என்ன, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாமே” என்று சொல்கிறவர்கள் உண்டு. வரம்பு போனது உண்மை. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏற்றே தீர வேண்டும் என்று எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை. ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு மறுக்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம். எழுபத்திரண்டு வயதில், சுகரும் ஸ்டென்ட்டுமாகப் போய் நிற்கும் ஒருவருக்கு அந்தத் திறந்த கதவு எவ்வளவு திறந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சேர்த்துக்கொண்டாலும் காத்திருப்புக் காலம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 48 மாதம்வரை காத்திருக்க வைக்கலாம் என்றிருந்ததை, 2024 விதிகள் 36 மாதமாகக் குறைத்தன. கண்புரை, மூட்டு மாற்று போன்று குறிப்பிட்டுச் சொல்லப்படும் சிகிச்சைகளுக்கும் உச்சம் 36 மாதம். மூன்று வருடம் என்பது நாற்பது வயதுக்காரருக்குக் கண் சிமிட்டும் நேரம். எழுபத்திரண்டுக்கு அது நீண்ட காலம், அதுவும் எந்த நோய்க்குப் பயந்து பாலிசி எடுக்கிறாரோ அந்த நோய்க்கே பணம் வராத காலம்.

இவற்றைவிட மதிப்புள்ளதாக நான் நினைக்கும் ஒன்று, பாலிசித் தாளில் யாரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. ஒரு பாலிசியைத் தொடர்ச்சியாக 60 மாதம் கட்டி வந்துவிட்டால், அதன்பின் “நீங்கள் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை, அதை மறைத்தீர்கள்” என்று காரணம் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும்தான் விதிவிலக்கு. முன்பு 8 ஆண்டாக இருந்த இந்தக் காலம் 2024இல் 5 ஆண்டாகக் குறைந்தது. பத்து வருடம் கட்டிய பாலிசியை வைத்திருப்பவர் இந்தப் பாதுகாப்பைச் சம்பாதித்துவிட்டார். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் முதல் மாதத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும், அதுவும் மறப்பதற்கும் விட்டுப்போவதற்கும் வாய்ப்பு அதிகமான வயதில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பதியின் பிரீமியம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் வந்த உத்தரவின்படி, மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த உச்ச அளவுக்கே ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது என்று கொண்டாலும், நான்கு வருடத்தில் கட்டுவது 2,78,460 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. நான்கு வருடம் ஒரு ரூபாய்கூட கிளெய்ம் இல்லாமல் போகும் பணம்தான் இது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் வருடம் திரும்பி வந்து, இதய அறுவைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்தால் ஒரே பில்லில் இதைத் தாண்டிவிடும். அந்த ஒரு பில்லுக்குப் பாலிசி நிற்குமா நிற்காதா என்பதைத்தான் இந்த நான்கு வருடப் பணம் தீர்மானிக்கிறது.

முழுதாகக் கட்டவும் மனமில்லை, விடவும் பயம் என்பவர்களுக்கு நடு வழி உண்டு. புதுப்பிக்கும்போது காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். 20 லட்சத்தை 5 லட்சமாக்கிவிட்டுப் போனால் அந்த 5 லட்சத்துக்கு இதுவரை கழிந்த காத்திருப்பு அப்படியே நிற்கும். திரும்பி வந்து உயர்த்தினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் மறுபடி காத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டும் வசதியும் இருக்கிறது. கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, போய்ச் சேரும் நாடு.

கனடாவுக்குப் போகும் பெற்றோர் பலர் சூப்பர் விசாவில் போகிறார்கள். 2011 டிசம்பரில் தொடங்கிய இந்த விசாவில் இப்போது ஒரு நுழைவுக்கு 5 ஆண்டுவரை தங்கலாம். ஆனால் மாகாண அரசின் மருத்துவ வசதி கிடையாது. குறைந்தது 1,00,000 கனடா டாலருக்குத் தனியார் காப்பீடு எடுத்துக் காட்டினால்தான் விசாவே. அந்தக் காப்பீடுகளில் பழைய நோய்க்கு, “கடந்த இத்தனை மாதமாக மருந்தின் அளவு மாறாமல் இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனை வருவது வழக்கம். கிளம்புகிற மாதம் டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தால் அதுவே பின்னால் வில்லங்கமாகும். சூப்பர் விசாவில் இருப்பவர் எந்நேரமும் ஊர் திரும்பக்கூடியவர். அவர் ஊர் பாலிசியை விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நிரந்தர வசிப்புரிமை பெற்றுப் போனவர்கள் நிலை வேறு. ஒன்டாரியோவில் எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருந்தால் மாகாண மருத்துவ அட்டை நிலைக்கும். பனிக்காலம் தூத்துக்குடியில், வெயில்காலம் டொராண்டோவில் என்று வாழ இது இடம் கொடுக்கிறது. நிரந்தர வசிப்புரிமையைக் காக்க 5 ஆண்டில் 730 நாள் வேண்டும். வருடம் 153 நாள் வீதம் இருந்தால் அதுவும் தானே நிறைந்துவிடும். இப்படி இரண்டு கரையிலும் இருப்பவருக்கு இரண்டும் தேவை. அந்த மாகாண அட்டை இங்கே படுத்தால் உதவுகிற தொகை மிகச் சொற்பம்.

அமெரிக்காதான் சிக்கல். சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டும்தான். இங்கே எடுத்துப்போகும் பயணக் காப்பீடும் பழைய நோய் என்றால் உயிருக்கு ஆபத்தான நேரத்து முதல் சிகிச்சையைத் தாண்டிப் பெரும்பாலும் வராது. பிள்ளை குடியுரிமை பெற்று, பெற்றோருக்குக் கிரீன் கார்டு எடுத்துவிட்டால் மெடிகேர் கிடைத்துவிடும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். 65 வயதானாலும், அங்கே வேலை பார்த்துப் பங்களிப்புச் செலுத்தாத பெற்றோர், கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டு வாழ்ந்த பிறகுதான் அதில் பணம் கட்டிச் சேரலாம். அந்தக் கட்டணமும் சிறியதல்ல: 2025இல் மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதிக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் செலவுக்கான பி பகுதிக்கு 185 டாலர். முதல் ஐந்து வருடம் பிள்ளையின் சம்பளத்திலிருந்துதான் தனியார் காப்பீடு. பிள்ளைக்கு வேலை போனால் அந்த ஏற்பாடு ஆட்டம் காணும். அந்த ஐந்து வருடத்துக்காவது ஊர் பாலிசியைத் தொட வேண்டாம் என்பேன்.

பிரிட்டனில் 2012 ஜூலை முதல் வயதான பெற்றோரைக் குடியமர்த்தும் விசா கிட்டத்தட்ட கிடைக்காத ஒன்று. பார்வையாளராகப் போய் மருத்துவமனையில் சேர்ந்தால், தேசியக் கட்டண விகிதத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 3 அல்லது 5 ஆண்டுத் தற்காலிகப் பெற்றோர் விசாவில் அரசு மெடிகேர் இல்லை, தனியார் காப்பீடு கட்டாயம். சிங்கப்பூரில் மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நீண்டகால அனுமதியில் மகளோடு தங்கும் அம்மாவுக்கு அது இல்லை. ஆக, இந்த மூன்று நாட்டிலும் பெரும்பாலான பெற்றோருக்கு விடை ஒன்றே: ஊர் பாலிசியை விட வேண்டாம்.

வளைகுடா தனிக் கதை, நம் கரைக்கு அதுதான் பெரிய கதையும். சபுராளியின் மருத்துவ அட்டை கம்பெனி கொடுத்தது. துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. விசா ரத்தாகும் நாளோடு அதுவும் போய்விடும். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு அங்கே ஓய்வு விசா இருக்கிறது. ஆனால் அது கையில் பெரிய சேமிப்போ சொத்தோ பெரிய மாத வருமானமோ உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் ஐம்பத்தைந்திலோ அறுபதிலோ, முப்பது வருடச் சுகரோடு, ஒரு பாலிசியும் இல்லாமல் காயல்பட்டினத்துக்கோ ஆறுமுகநேரிக்கோ வந்து இறங்குகிறார்கள். கப்பல்காரர்களுக்கும் இதே நிலைதான். ஒப்பந்தம் ஓடும் காலத்தில் கப்பல் முதலாளி பொறுப்பு, இறங்கி வீட்டுக்கு வந்தபின் அடுத்த ஒப்பந்தம்வரை யாரும் பொறுப்பில்லை. அரசின் அயலகத் தமிழர் நல வாரியக் காப்பீடும் 18 முதல் 55 வயதுவரை உள்ளவர்களுக்கானது. எனக்கு உண்மையில் கவலை இவர்களைப் பற்றித்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியரும் இங்கே பாலிசி எடுக்கலாம். நாற்பது வயதில், லீவுக்கு வந்த மாதத்தில் எடுத்துவிட்டால் காத்திருப்பெல்லாம் அவர் பாலைவனத்தில் உழைக்கும்போதே கழிந்துவிடும். “கம்பெனி கார்டு இருக்கே” என்று அதைத் தள்ளிப்போடுவதுதான் இந்தக் கரையில் நடக்கும் மிகப் பொதுவான பிழை.

எதிர்த் திசையில் வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பித்துக் குடியேறும் தமிழர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் பாலிசி என்பது மெடிகேர். அது இந்தியாவில் பணம் தராது. 40 காலாண்டு உழைத்தவருக்கு ஏ பகுதி இலவசம் என்பதால் அதை விட வேண்டியதில்லை. பி பகுதிக்கு மட்டும் மாதா மாதம் கட்ட வேண்டும். விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் வீதம் கூடுதல் கட்டணம், ஆயுளுக்கும்.

இதன் கணக்கு விசித்திரமானது. ஐந்து வருடம் விட்டால் 2025 விகிதத்தில் மிச்சம் 11,100 டாலர். திரும்பிச் சேர்ந்தால் மாதம் 92.50 டாலர் அபராதம். மிச்சம் பிடித்தது தீர 120 மாதம் ஆகும். இரண்டு வருடம் விட்டாலும் எட்டு வருடம் விட்டாலும் கட்டணம் மாறாதென்று கொண்டால் அதே 120 மாதம்தான். அதாவது, திரும்பிப் போனபின் பத்து வருடத்துக்கு மேல் வாழ்வார் என்றால்தான் விட்டது நட்டம். அபராதத்துக்குப் பயந்து கட்டிக்கொண்டே இருப்பவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். மெய்யான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விட்டவர் மறுபடி சேர ஜனவரி முதல் மார்ச்வரைதான் பொதுச் சேர்க்கை. ஏப்ரலில் இங்கே புற்றுநோய் என்று தெரிந்து, மகளிடம் போகலாம் என்று விமானம் ஏறினால், பி பகுதி பிப்ரவரியில்தான் உயிர் பெறும். அந்தப் பத்து மாதத்தை எப்படிக் கடப்பது? பெரிய நோய் வந்தால் அமெரிக்காவுக்கே போவேன் என்று மனதில் வைத்திருப்பவர் பி பகுதியை விடக் கூடாது. எது வந்தாலும் மதுரையோ வேலூரோதான் என்று தீர்மானித்தவர் விடலாம். அந்தப் பணத்தை இங்கே பாலிசிக்கும், அது வராத இடத்துக்கென ஒரு வைப்பு நிதிக்கும் திருப்பலாம்.

பிரிட்டனிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே மருத்துவம் வசிப்பதைப் பொறுத்தது. குடியுரிமை உள்ளவர் திரும்பிப் போய்க் குடியமர்ந்தால் மறுபடி கிடைக்கும். நிரந்தர அனுமதி மட்டும் உள்ளவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதியே போய்விடும். சிங்கப்பூர்க் குடிமகனின் மெடிஷீல்டு லைஃப் ஊரில் இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், பிரீமியமும் போய்க்கொண்டே இருக்கும். அவருக்கு விடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுவதில்லை.

அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் அது அறுவதில்லை, ஆண்டு நேர்காணலையோ வாழ்நாள் சான்றையோ தவறவிடாமல் இருந்தால் போதும். கனநீர் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அணுசக்தித் துறையின் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. வங்கி ஓய்வூதியர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களுடையது ஆண்டுக்கு ஆண்டு விருப்பம் தெரிவித்துப் புதுப்பிக்கும் குழுக் காப்பீடு. ஒரு வருடம் விட்டால் மறுபடி சேர்ப்பார்களா என்பதைச் சங்கத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

எழுபது வயது நிறைந்த குடிமக்களுக்கு, வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்வரை என்ற ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. நம் பக்கத்தில் எந்தெந்த மருத்துவமனையில் அது செல்லுபடியாகிறது என்று விசாரித்து வைக்கலாம். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட ஓசிஐ அட்டைக்காரருக்கு அது இல்லை. எதுவுமே இல்லாமல் வந்து நின்றாலும் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த மருத்துவமனை யாரிடமும் பாலிசி கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. பணம் இல்லாதவர் சாவதற்கு விடப்படும் ஊரல்ல இது என்ற நிம்மதியோடுதான் இந்தக் கணக்கையெல்லாம் போடுகிறோம்.

மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள் என்று சொன்னதற்குக் காரணம், வேண்டாமென்று விடப்படும் பாலிசியோடு, தெரியாமலே சாகும் பாலிசியும் உண்டு என்பதுதான். புதுப்பிக்கும் அறிவிப்பு இந்திய எண்ணுக்கு வரும். 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு எண் நிறுத்தப்படலாம். அதோடு ஓடிபி போய்விடும். வெளிநாட்டில் குடியேறியவரின் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய தானியங்கிப் பற்று அறுந்துபோகலாம். தவணை தவறினால் ஆண்டுப் பாலிசிக்கு 30 நாள்தான் சலுகை. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி போகாது, முப்பத்தோராம் நாள் பத்து வருடம் கட்டியதும் கைவிட்டுப் போகும். அதனால் ஊரில் இருக்கும் தம்பியின் எண்ணையோ மருமகனின் மின்னஞ்சலையோ இரண்டாவது தொடர்பாகப் பதிந்து வைப்பது, சிம்மை உயிரோடு வைத்திருப்பது, முகவரி மாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்வது எல்லாம் சின்ன வேலைகள்தான். ஆனால் அவைதான் விட்டுப்போகின்றன.

வரியில் ஒரு குறிப்பு. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மூத்த குடிமக்கள் பெறும் 50,000 ரூபாய் வரிக் கழிவு இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே, அதுவும் பழைய வரி முறையில். வெளிநாட்டில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்தவர் அதை எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

பாலிசியை விட்டுவிடலாம் என்று நானே சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அங்கே அரசு மருத்துவ வசதி முழுதாகக் கிடைத்துவிட்டவர், இங்கே வீடும் இல்லாதவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாட்டில் இருப்பவர். அவரும் முதல் இரண்டு குளிர்காலம் அங்கே கழித்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும்.

இந்தப் பேச்சைத் தொலைபேசியில் பேசுவது கடினம். அப்பா செலவைச் சொல்லுவார், மகள் பயத்தைச் சொல்லுவாள், எங்கே சாக விரும்புகிறீர்கள் என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஜூலை 26இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 திருநாள்வரை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் முடிந்தவரை வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பேச வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாட்கள் அவை. பாலிசிப் புத்தகமும் மருந்துச் சீட்டும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் அலமாரியில்தான் இருக்கும். ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், அவற்றை எடுத்து மேசையில் வைக்கலாம்.